விமானம் அப்புறம், ரூட் முதல்ல: ஏர் சீஷெல்ஸ் கதையும் உங்க கார் லோனும்

"சார், மாசம் 60 ஆயிரம் சம்பளம். 10 லட்சம் கார் வாங்கலாமா?" நம்ம சேனல்ல எந்த தலைப்புல வீடியோ போட்டாலும் திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. இதுக்கு பெரும்பாலும் கிடைக்கிற பதில் என்ன? "இ.எம்.ஐ. சம்பளத்துல இத்தனை சதவீதத்துக்குள்ள இருந்தா வாங்கலாம்." சரியான பதில் மாதிரிதான் தெரியும். ஆனா என் கருத்துப்படி கேள்வியே தப்பு. இ.எம்.ஐ. கட்ட முடியுமாங்கறது ரெண்டாவது கேள்வி. வாங்கற பொருள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யப் போகுது, எந்த வழியில ஓடப் போகுதுங்கறதுதான் முதல் கேள்வி.

இதை என்னைவிட நல்லா சொல்லித் தரக்கூடிய ஒரு கம்பெனி இருக்கு. இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ஒரு குட்டித் தீவு நாட்டோட விமான நிறுவனம். பேரு ஏர் சீஷெல்ஸ்.

சீஷெல்ஸ்ல மொத்தம் 115 தீவுகள். ஜனத்தொகை சுமார் ஒரு லட்சம், நம்ம ஊர்ல ஒரு நகராட்சி அளவுதான். தலைநகர் விக்டோரியாவுல ஒரு பிள்ளையார் கோயில் இருக்கு, நம்ம ஆளுங்க தைப்பூசத்துக்கு காவடி எடுக்கறாங்க. நாட்டோட வருமானம் முக்கியமா ரெண்டுதான்: சுற்றுலா, மீன். சுற்றுலான்னா கிட்டத்தட்ட எல்லாரும் விமானத்துலதான் வந்தாகணும். அதனால "நமக்குன்னு ஒரு விமான கம்பெனி வேணும்"னு அந்த நாடு நினைச்சது தப்பே இல்லை. எவ்வளவு பெரிய விமானம் வேணும்ங்கறதுலதான் சிக்கல்.

பாரிஸ் ஆசை

ஏர் சீஷெல்ஸ் 1970-கள் கடைசியில தீவுக்குத் தீவு பறக்கிற சின்ன சர்வீஸா ஆரம்பிச்சது. 1989-ல போயிங் 767 வந்தது. பாரிஸ், லண்டன், ரோம்னு ஐரோப்பாவுக்கு சொந்த விமானத்துலயே ஆள் கூட்டிட்டு வந்தாங்க. நஷ்டம் சேர்ந்து சேர்ந்து, 2012 தொடக்கத்துல அந்த ஐரோப்பா ரூட்களை நிறுத்த வேண்டியதாச்சு. அதே சமயம் அபுதாபியோட எத்திஹாட் 2 கோடி டாலர் கொடுத்து 40 சதவீதப் பங்கை வாங்கினாங்க.

இத்தோட பாடம் படிச்சிருக்கலாம். ஆனா பணக்கார பார்ட்னர் வந்ததும் ஆசையும் திரும்ப வந்தது. ஏர்பஸ் ஏ330 வந்தது. 2015-ல பாரிஸுக்கு நேரடி விமானம் மறுபடி தொடங்கினாங்க. 2018-ல அதையும் நிறுத்தி, ஏ330-களைத் திருப்பி அனுப்பி, ஆட்களையும் குறைச்சாங்க. ஒரே ரூட், ரெண்டு தடவை, ஒரே முடிவு.

ஏன்? பாரிஸுக்கு போக ஆள் இல்லாமலா? இல்லை. பிரான்ஸ்காரங்க சீஷெல்ஸுக்கு நிறையவே வர்றாங்க. கணக்கு வேற இடத்துல உதைக்குது.

பாரிஸ் பயணம் ஒரு வழிக்கு சுமார் 10 மணி நேரம். வாரம் மூணு தடவை போய் வந்தா 60 மணி நேரம். ஆனா விமானத்தோட வாடகை வாரத்தோட 168 மணி நேரத்துக்கும் ஓடும். இந்த மாதிரி பெரிய விமானம் ஒரு நாளைக்கு 12, 13 மணி நேரமாவது வானத்துல இருந்தாதான் வாடகை, பைலட் சம்பளம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு சீட்டுக்கு வர்ற செலவு குறையும். 60 மணி நேரம் பறந்தா, மிச்ச நேரமெல்லாம் தரையில நின்னுகிட்டே காசு தின்னும்.

அடுத்தது போட்டி. ஒரு சின்ன ஊர்ல இருந்து சென்னைக்கு நேரா ஒரு ஆம்னி பஸ் விடறீங்கன்னு வைங்க. அந்த ஊர்க்காரங்க மட்டும்தான் ஏறணும். ஆனா மாட்டுத்தாவணியில இருந்து கிளம்பற பஸ்ஸுக்கு சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துல இருந்தும் ஆள் வரும். துபாய் எமிரேட்ஸுக்கும், தோஹா கத்தார் ஏர்வேஸுக்கும் அவங்க மாட்டுத்தாவணி. லண்டன், மிலன், மாஸ்கோன்னு எங்கெங்கிருந்தோ வர்ற ஆட்களை ஒரே விமானத்துல ஏத்தி சீஷெல்ஸ்ல இறக்கறாங்க. பாரிஸ்ல மட்டும் ஆள் ஏத்தற விமானம் அதோட விலையில மோத முடியாது.

மூணாவது, கையில இருக்கறது ஒண்ணு ரெண்டு பெரிய விமானம்தான். ஒண்ணு பழுதாச்சுன்னா மாத்து கிடையாது. ஐரோப்பிய விதிப்படி, அங்கிருந்து கிளம்பற நீண்ட தூர விமானம் பழுதால ரொம்ப தாமதமானா ஒரு பயணிக்கு 600 யூரோ வரைக்கும் இழப்பீடு தரணும். 250 பேர் இருந்தா ஒன்றரை லட்சம் யூரோ. ஒரே ஒரு ராத்திரி பழுதுக்கு! நூறு விமானம் வச்சிருக்கிற கம்பெனிக்கு இது சில்லறை. ரெண்டு விமானம் வச்சிருக்கிறவனுக்கு அந்த மாச லாபமே போச்சு.

கடைசியா, விமான வாடகை, எரிபொருள், உதிரி பாகம் எல்லாத்தையும் டாலர்ல கட்டணும். உள்ளூர் மக்கள் டிக்கெட் வாங்கறது சீஷெல்ஸ் ரூபாயில. வருமானம் ஒரு கரன்சி, செலவு இன்னொரு கரன்சி.

சரியா பண்ணின ஒரு வேலை

ஏர் சீஷெல்ஸ் எல்லாத்தையும் தப்பா பண்ணலை. பெரிய விமானத்தை அனுப்பின பிறகு என்ன வச்சுக்கிட்டாங்கன்னு பாருங்க.

முதலாவது, டுவின் ஆட்டர். 19 பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம். மாஹே தீவுல இருந்து பிரஸ்லின் தீவுக்கு கால் மணி நேரப் பயணம். படகுல போனா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், கடல் கொந்தளிச்சா வாந்தியோட. இந்த விமானத்துக்கு நீளமான ஓடுபாதை வேணாம், உள்ளூர்க்காரங்களுக்கும் டூரிஸ்டுக்கும் தினமும் தேவை. நாள் முழுக்க போய்ட்டு போய்ட்டு வரும், ஷேர் ஆட்டோ மாதிரி.

ரெண்டாவது, ஏ320 நியோ. 2019 ஆகஸ்ட்ல முதல் விமானம் வந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கே வந்த முதல் ஏ320 நியோ அதுதான். 168 சீட். பழைய ஏ320-க்கு மாத்தா வந்த அதே குடும்பத்து விமானம். எரிபொருள் செலவு ஒரு சீட்டுக்கு 15-ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் குறையும்ங்கறது ஏர்பஸ்ஸோட கணக்கு. ஏற்கெனவே ஏ320 ஓட்டற பைலட்டுக்கு புதுசா லைசென்ஸ் வேணாம், வித்தியாசங்களை மட்டும் படிச்சா போதும். ரூட்டும் அதுக்கு ஏத்த மாதிரி: ஜோஹன்னஸ்பர்க், மொரீஷியஸ், மும்பை, அப்புறம் கொழும்பு. எல்லாமே சில மணி நேரத்துல போய், அன்னைக்கோ மறுநாளோ திரும்பி வரக்கூடிய தூரம். ஐரோப்பாக்காரங்களை எமிரேட்ஸும் கத்தாரும் கூட்டிட்டு வரட்டும், அவங்களை தீவுக்குத் தீவு நாம கொண்டு போவோம்ங்கற கணக்கு.

இதைத்தான் நான் நல்ல புதுப்பித்தல்னு சொல்றேன். பழசு மாறணும், ஆனா செய்யற வேலைக்குள்ளேயே மாறணும். மாருதி ஸ்விஃப்ட் பழசாச்சுன்னா நல்ல மைலேஜ் தர்ற இன்னொரு ஹேட்ச்பேக் வாங்கறது புதுப்பித்தல். "மாத்தறதுதான் மாத்தறோம்"னு 18 லட்சத்துக்கு எஸ்.யூ.வி. எடுத்தா அது புது ரூட். அதுக்கு தனியா கணக்கு போடணும். ஷோரூம்ல இந்த ரெண்டையும் ஒண்ணாக்கித்தான் பேசுவாங்க.

நல்ல முடிவையும் பழைய கடன் விடாது

இவ்வளவு சரியா குறைச்சும் 2021-ல கம்பெனி ஏன் படுத்துச்சு? காரணம் பழைய கடன்.

2015, 2016-ல எத்திஹாட்டும் அதோட பார்ட்னர் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு அமைப்பு மூலமா கடன் பத்திரம் வெளியிட்டு 120 கோடி டாலர் திரட்டினாங்க. ஏர் பெர்லின், அலிடாலியா, நம்ம ஜெட் ஏர்வேஸ் எல்லாம் அதே கூட்டத்துல இருந்தாங்க. அந்த மூணு பேரும் என்ன ஆனாங்கன்னு உங்களுக்கே தெரியும். இதுல ஏர் சீஷெல்ஸ் பங்கு சுமார் 7 கோடி டாலர். ஒரு லட்சம் பேர் இருக்கிற நாட்டுக்கு அது மலை.

அந்தக் கடன் எப்படிப்பட்டதுன்னு கவனிங்க. அஞ்சு வருஷம் வட்டி மட்டும் கட்டணும், அசலை கடைசியில மொத்தமா கட்டணும். நம்ம ஊர் நகைக் கடன்ல "வருஷக் கடைசியில மொத்தமா திருப்பிக்கலாம்"னு சொல்வாங்களே, அதேதான். கட்டற வரைக்கும் லேசா இருக்கும். கெடு வந்தது 2020, 2021-ல. அப்போ உலகமே வீட்டுல உட்கார்ந்திருந்தது. ரெண்டாவது நியோ விமானம் வந்து சேர்ந்ததும் அதே 2020-லதான். விமான நிலையம் மாசக்கணக்கில மூடிக் கிடந்தது, வாடகை மட்டும் ஓடிட்டே இருந்தது.

2021-ல எத்திஹாட் தன்னோட 40 சதவீதப் பங்கை சீஷெல்ஸ் அரசுக்கே திருப்பிக் கொடுத்தது. விலை? ஒரு டாலர். 2 கோடி டாலர் போட்ட இடத்துல ஒரு டாலர். அந்த வருஷம் அக்டோபர்ல கம்பெனி நிர்வாகிகள் கைக்குப் போச்சு. கடன் கொடுத்தவங்க ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் ஆன பிறகு, 2022-ல வெளியே வந்தது. இப்ப ரெண்டு நியோ, சில டுவின் ஆட்டர். அவ்வளவுதான்.

கம்பெனிக்கு கடன்காரங்க தள்ளுபடி கொடுப்பாங்க. உங்க பர்சனல் லோனுக்கும் "செட்டில்மென்ட்" கொடுப்பாங்க, ஆனா அது உங்க சிபில் ரிப்போர்ட்டுல வருஷக்கணக்கில உட்கார்ந்திருக்கும். அடுத்து வீட்டு லோனுக்குப் போகும்போது முன்னாடி வந்து நிக்கும்.

பக்கத்து தீவுகள்லயும் இதே கதை

ஏர் மொரீஷியஸ் இவங்களைவிட பெரிய கம்பெனி. 2017-ல ஏ350, 2019-ல ஏ330 நியோ வாங்கினாங்க. புதுசு வந்ததே தவிர, பழசு சீக்கிரம் போகலை. 2019 வாக்கில சுமார் 15 விமானத்துல ஏ.டி.ஆர்., ஏ319, ஏ330, ஏ340, ஏ350-ன்னு அஞ்சு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு பயிற்சி, குடும்பத்துக்கு ஒரு உதிரி பாக ஸ்டோர். 2020 ஏப்ரல் 22, லாக்டவுன் தொடங்கி சில வாரத்திலேயே நிர்வாகிகள் கைக்குப் போச்சு. அதுக்கப்புறம்தான் ஏ319, ஏ340 எல்லாம் வெளியே போச்சு. ஒரு பைக், ஒரு கார், மூணு கிரெடிட் கார்டு, பாதி போன் இ.எம்.ஐ., ரெண்டு ஓ.டி.டி. வருஷ சந்தான்னு வச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் படம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.

ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் கதை இன்னும் கொடுமை. வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்ட ஏ350-களை 2016-ல ரத்து பண்ணினாங்க. ஒரு விமானம்கூட அவங்க பேர்ல பறக்கலை. வேணாம்னு சொல்றதுக்கு மட்டும் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாச்சு. அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வெளியே வர்ற வழிக்கு என்ன செலவுன்னு கேளுங்க. ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை தனிநபர் முன்கூட்டியே அடைச்சா வங்கி அபராதம் வாங்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. ஆனா ஃபிக்ஸட் வட்டி கார் லோன், பர்சனல் லோன்ல பெரும்பாலும் அபராதம் உண்டு.

இப்ப உங்க விமானத்துக்கு வருவோம்

10 லட்சம் கார். 2 லட்சம் டவுன் பேமென்ட், 8 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 7 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 12,870 ரூபாய். வட்டி மட்டும் மொத்தம் 2.8 லட்சத்துக்கு மேல. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயருக்கு மாசம் 3,000-ன்னு ஒரு தோராயம் வைங்க. டவுன் பேமென்ட்டையும், 7 வருஷம் கழிச்சு வித்தா கிடைக்கிற காசையும் ஒண்ணுக்கொண்ணு சரின்னு விட்டுடுவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15.

வார நாள்ல மெட்ரோ இல்லேன்னா ஆபீஸ் கேப், சனி ஞாயிறு மட்டும் கார். மாசம் 400 கிலோமீட்டர். அப்போ மாசச் செலவு சுமார் 18,500. கிலோமீட்டருக்கு 46 ரூபாய்.

அதே காரை தினமும் ஓட்டி, அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய், மாசம் 1,200 கிலோமீட்டர் ஓடுச்சுன்னா? செலவு சுமார் 23,900. கிலோமீட்டருக்கு 20 ரூபாய்க்குள்ள வந்துடும்.

கார், லோன், சம்பளம் மூணும் அதேதான். "இ.எம்.ஐ. சம்பளத்துல இத்தனை சதவீதம்"ங்கற விதி இந்த ரெண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். ஆனா முதல் ஆள் பாரிஸுக்கு ஏ330 ஓட்டறார். ரெண்டாவது ஆள் பிரஸ்லினுக்கு டுவின் ஆட்டர் ஓட்டறார். முதல் ஆளுக்கு வாடகை கார் எவ்வளவோ மேல், அதுவும் வேணும்ங்கற நாள்ல மட்டும்.

அதனால எந்தப் பெரிய பொருள் வாங்கறதுக்கு முன்னாடியும் நாலு கேள்வி:

1. என் ரூட் என்ன? போன மூணு மாசத்துல நிஜமாவே எங்க போனேன், எத்தனை தடவை? "வாங்கினா போவேன்"ங்கறது கணக்குல வராது.

2. மத்தவன் ஏற்கெனவே இந்த ரூட்ல மலிவா ஓட்டறானா? பஸ், மெட்ரோ, வாடகை வீடு, ஆபீஸ் லேப்டாப், எதுவா இருந்தாலும் சரி.

3. ஆறு மாசம் சம்பளம் நின்னா இது என்ன ஆகும்? விக்க முடியுமா, வித்தா கடன் அடையுமா?

4. புதுசு வந்ததும் எந்தப் பழசு வெளியே போகுது? தேதியோட பதில் சொல்லுங்க.

"அப்போ சின்னதாவே இருக்கணுமா?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நியாயமான கேள்விதான்.

ஏர் சீஷெல்ஸை மொத்தமா மூடிட்டு எல்லாத்தையும் எமிரேட்ஸ்கிட்ட விட்டுடலாமேன்னு கேட்டா, கூடாதுன்னுதான் நானும் சொல்வேன். வெளிநாட்டு கம்பெனிக்கு லாபம் குறைஞ்சா நாளைக்கே விமானத்தை வேற ஊருக்கு திருப்பிடும். மாஹேயில இருந்து பிரஸ்லினுக்கு 19 சீட் ஓட்ட துபாய்க்காரன் வர மாட்டான். தீவுல இருக்கிற நோயாளிக்கும், படிக்கப் போற பசங்களுக்கும் சொந்த விமானம் உயிர்நாடி. அந்த ரூட்ல லாபம் குறைஞ்சாலும் ஓட்டணும்.

உங்க வாழ்க்கையிலயும் அப்படிப்பட்ட ரூட் உண்டு. எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ். இதுல ரிட்டர்ன் பார்க்காதீங்க, எந்த மாசமும் நிறுத்தாதீங்க. அம்மாவுக்கு டயாலிசிஸ்னா, மாசம் 300 கிலோமீட்டர்தான் ஓடும்னாலும் கார் வாங்குங்க. அது பிரஸ்லின் ரூட். கிலோமீட்டர் கணக்கு அதுக்குப் பொருந்தாது.

எனக்கு உறுத்தறது வேற. பாரிஸ் ரூட்டை உயிர்நாடின்னு நமக்கு நாமே சொல்லிக்கறோம் பாருங்க, அதுதான். "சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க", "டீம்ல எல்லார்கிட்டயும் இருக்கு", "முப்பது வயசாச்சு, இன்னும் கார் இல்லேன்னா எப்படி?" நாட்டோட பேரைச் சுமந்த பெரிய விமானம் பாரிஸ்ல இறங்கும்போது சீஷெல்ஸ்காரங்களுக்கும் பெருமையாத்தான் இருந்திருக்கும். அந்தப் பெருமைக்கான பில்லை கட்டினது, வேலை போன ஊழியர்களும் வரி கட்டற ஜனங்களும்.

உங்க வீட்டுல அந்தப் பில்லை நீங்க ஒருத்தர்தான் கட்டணும். சம்பளம் ஏறும்போது பெரிய விமானம் வாங்கலாம், தப்பில்லை. ரூட் முதல்ல வளரட்டும். வாடகை காருக்கு மாசாமாசம் 15 ஆயிரம் நிஜமாவே போக ஆரம்பிச்சா, அன்னைக்கு ஷோரூமுக்குப் போங்க. அதுவரைக்கும் அந்த 12,870 ரூபாயை மாசாமாசம் ஒரு ஆர்.டி.யில போட்டுப் பாருங்க. ஒரு வருஷத்துல வட்டி இல்லாமலே ஒன்றரை லட்சத்துக்கு மேல சேரும். ஆறாவது மாசமே ஆர்.டி. கட்ட மூச்சு முட்டுச்சுன்னா, அந்த இ.எம்.ஐ. உங்களுக்கு ஆகாதுன்னு லோன் வாங்காமலே தெரிஞ்சுடும்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. போன மூணு மாச யு.பி.ஐ. ஹிஸ்டரியை எடுத்து, ஆட்டோ, கேப், பஸ், பெட்ரோலுக்கு எவ்வளவு போச்சுன்னு கூட்டுங்க. அதுதான் உங்க ரூட் மேப். அந்த நம்பர் கையில இருந்தா, "கார் வாங்கலாமா"ன்னு என்கிட்ட கேட்கவே வேண்டியிருக்காது.